கோதுமை படாத பீர்

பாரிக்குப் பீர் பிடிக்கும். பிராந்தி, ரம் எல்லாம் அவனுக்கு இருமல் மருந்து. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறான். நாள் முழுக்க டீசல் புகை, தகரச் சூடு. வேலை முடிந்து கேட்டைத் தாண்டியதும் தொண்டையில் ஜில்லென்று ஒன்று இறங்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை, அவன் மனைவி மதியும் விட்டதில்லை.

இது பழைய கதை. இப்போது அவன் பீர் குடிப்பதில்லை.

சின்ன வயதிலிருந்தே வயிறு அவன் பேச்சைக் கேட்காது. சோறு இறங்கும், உடம்பில் ஒட்டாது. வியாசர்பாடியில் பையன்கள் எல்லாரும் பந்து விளையாடுவார்கள். இவன் பாதி மைதானம் ஓடிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவான். எந்த அணியும் இவனைச் சேர்க்கவில்லை. உட்கார்ந்தே விளையாடக்கூடிய ஆட்டம் ஒன்று இருக்கிறது என்று ராயபுரம் போய்த் தெரிந்துகொண்டான். கேரம். அதில் அவனுக்குக் கை இருந்தது. ராயபுரத்துக் கேரம் மன்றத்தில் அவன் பெயருக்கு முன்னால் யாரும் ஒல்லி என்று சேர்ப்பதில்லை.

ஒரு டாக்டர் கேஸ் என்றார். இன்னொருவர் அல்சர் என்றார். பூச்சி மருந்து கொடுத்தவர்களும் உண்டு. முப்பத்து நாலு வயதில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சீலியாக் என்று முடிவு வந்தது, குடலுக்குக் கோதுமை ஆகாத நோய்.

"மாத்திரை எதுவும் கிடையாது. கோதுமை கூடாது. மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். பார்லியும் கூடாது. தூள் அளவுகூடக் கூடாது. ஆயுசு முழுக்க."

பாரிக்கு நிம்மதியாகிவிட்டது. "அவ்ளோதானா மேடம். நாங்க சோறு சாப்புட்ற ஆளுங்க."

"பரோட்டா?" என்று மதி கேட்டாள்.

"கூடாது."

"பிஸ்கட்டு?"

"கூடாது."

பாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பீரு மேடம்?" என்றான்.

"பீர் எதுலேர்ந்து பண்றாங்க, தெரியுமா?"

"தெரியாது மேடம். கோதுமை இல்ல."

"பார்லி."

பேருந்தில் வீடு வந்து சேரும்வரை பாரி பேசவில்லை. பெற்ற அப்பா செத்தபோதுகூட மனுஷன் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை என்று மதி பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

மதி ரேஷன் கடையில் எடை போடுகிறவள். வீட்டுக்கு வரும் கோதுமையை அன்றோடு நிறுத்தினாள். மாவு சலிக்கும் சல்லடையை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வீடு சரியாகிவிட்டது. வெளியில் சாப்பிடுவதுதான் தகராறு. தோசைக் கல்லைப் பார்த்துப் பாரி மாஸ்டரிடம் கேட்பான்.

"இந்தக் கல்லுல பரோட்டா போட்டியா அண்ணே?"

"போட்டேன். அதுக்கு இன்னா இப்போ?"

"அப்ப தோசை வாணாம்."

"ஏன், பரோட்டா போட்ட கல்லு உன் தோசையைக் கடிச்சிடுமா?"

"தோசையைக் கடிக்காது. என்னைக் கடிக்கும்."

பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா அத்தோ கடைகளைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். அந்த நூடுல்ஸ் முழுக்க மைதா. அதையெல்லாம்கூட விட்டுவிட்டான். சனிக்கிழமையை விட முடியவில்லை. மதுக்கடைக் கம்பிக்குள் குனிந்து, கோதுமை பார்லி எதுவும் இல்லாத பீர் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டான். உள்ளே இருந்தவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூலிங் இல்லாத பீருதான் கீது. வாங்கறியா?"

அவனுடைய கூட்டாளி ஜெபின் போனில் தேடினான். ஜெபினுடைய தாத்தா நாசரேத்துப் பக்கமிருந்து வந்து டி.எச். ரோட்டில் மளிகை மொத்தக் கடை வைத்தவர். இப்போது கடை ஜெபினுடையது. சரக்கு எந்த ஊரில் இருந்தாலும் வரவழைத்துவிடலாம் என்று நம்புகிற ஆள். வெளிநாட்டில் சோளத்திலும் கம்பிலும் பீர் காய்ச்சுகிறார்கள் என்று கண்டுபிடித்தான். பெங்களூரில் ஒரு பெரிய இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதென்று இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். தாடி வைத்த பையன் ஒருவன் கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து வைத்தான். சோளம்தானே என்று கேட்டதற்குச் சோளம்தான் என்றான். சோளம் மட்டும்தானா என்று கேட்டதற்கு உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, கொஞ்சம் பார்லியும் என்றான். ஜெபின் இரண்டு குவளையையும் குடித்தான். பாரி வேர்க்கடலை தின்றுவிட்டுத் திரும்பினான்.

"ஒனக்காகத்தான் குடிச்சேன்," என்றான் ஜெபின், பஸ்ஸில்.

"தெரியுது. மூடு."

கேரத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது நாற்காலியை விட்டு எழக்கூடாது. எழுந்தால் அந்த போர்டு, அதாவது அந்தச் சுற்று, எதிராளிக்கு. போன வருஷம் இந்தூரில் நடந்த மன்றங்களுக்கான போட்டியில் பாரி எழுந்தான். எழுந்து ஓடினான். ரொட்டியைத் தொடாமல், வெறும் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். இருந்தும் வயிறு கவிழ்ந்தது. அரையிறுதி கையை விட்டுப் போனது.

மன்றத்தின் கேப்டன் லியாகத் அலி. ராயபுரத்தில் தையல் கடை. ஐம்பத்தெட்டு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தூரிலிருந்து திரும்பும் வழி முழுக்கப் பாரியிடம் அவர் பேசவில்லை. இந்த வருஷம் கவுகாத்தியில் போட்டி என்றதும் கூப்பிட்டுப் பேசினார்.

"ஆடறது மூணு பேர். நானு, ஜெபினு, நீ. ஸ்பேருக்குக் கிருஷ்ணப்பன் வரான். இன்னொரு தபா நீ போர்டு நடுவுல எந்திரிச்சேன்னா, அந்தச் சீட்டு அவனுக்கு. அடுத்த வருசமும் அவனுக்குத்தான். அதுக்கு அப்பாலயும் அவனுக்குத்தான். கோச்சுக்காத நைனா. நான் தைக்கிற சட்டைக்கே ரெண்டாம் தபா துணி கேக்க முடியாது."

"எந்திரிக்க மாட்டேன் பாய்."

"வயித்துக்கிட்டச் சொல்லு."

கிருஷ்ணப்பன் விம்கோ நகர்க்காரன். நல்லவன். நல்ல ஆட்டக்காரனும்கூட. ஆனால் அன்றிலிருந்து பாரியைப் பார்க்கும்போதெல்லாம் தேவைக்கு மேல் அக்கறையாக விசாரித்தான்.

"வயிறு எப்டி கீது?"

"நல்லா கீது."

"அப்டியா. சரி சரி."

சாப்பாட்டுப் பொறுப்பை ஜெபின் எடுத்துக்கொண்டான். கடையிலிருந்து அரிசி, மின்சாரக் குக்கர், புதுக் கரண்டி, புது வாணலி. பழைய பாத்திரத்தில் மாவு ஒட்டியிருக்குமாம். ரயிலுக்கு அவன் மனைவி தேவகிருபை ஒரு பெரிய டப்பா நிறையப் புளிச்சோறு கிண்டிக் கொடுத்தாள். ரசப்பொடி தனியாக, புளிக்காய்ச்சல் தனியாக. எல்லாம் வீட்டில் இடித்தது, மிஷினில் அரைத்ததில்லை. மிஷினில் முன்னால் யாராவது கோதுமை அரைத்திருக்கலாம் அல்லவா. அந்த அளவுக்கு யோசித்திருந்தான்.

பெரம்பூரில் ரயில் ஏறினார்கள். ஜெபின் பாரியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நடுவில் தான் உட்கார்ந்தான். எதிர் சீட்டில் ஒரு குடும்பம் சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்தது. ஜெபின் தன் துண்டைத் திரை மாதிரி பிடித்தான்.

"இன்னா தம்பி பண்றே," என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

"இவருக்குச் சப்பாத்தி ஆகாதுங்க."

"நாங்க இன்னும் கொடுக்கவே இல்லியே."

லியாகத் அலி வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்.

புளிச்சோறு நன்றாக இருந்தது. விஜயவாடா வரை சாப்பிட்டார்கள். இரவும் அதையே சாப்பிட்டார்கள். ஒடிசாவில் பொழுது விடிந்தபோது பாரி கழிவறையில் இருந்தான். வெளியே வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல் படுக்கையில் ஏறிச் சுருண்டான்.

"வயிறு எப்டி கீது?" என்றான் கிருஷ்ணப்பன் கீழிருந்து.

பாரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அந்தப் பெட்டியில் எங்கேயோ கோதுமை இருக்கிறது என்று ஜெபின் தேட ஆரம்பித்தான். கம்பளியை உதறினான். டீ டம்ளரை முகர்ந்தான். கடைசியில் காற்று என்றான், சப்பாத்திக் காற்று. அதற்கு மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஒரு ஸ்டேஷனில் தயிர் வாங்கி, கலக்கி, உப்புப் போட்டு, பையிலிருந்து எடுத்த பெருங்காயத்தைத் தாராளமாகக் கரைத்துக் கொடுத்தான்.

"குடி. எங்க வூட்ல எல்லா வயித்து நோவுக்கும் இதான். ஒரு மணி நேரத்துல கல்லு மாதிரி ஆயிடும்."

பாரி குடித்தான். ஒரு மணி நேரத்தில் நிலைமை மோசமானது. ஜெபின் இன்னொரு டம்ளர் கலக்கினான்.

கவுகாத்தியில் இறங்கும்போது பாரியின் பையைக் கிருஷ்ணப்பன் தூக்கி வந்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது. லாட்ஜ் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரைத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்தான். மறுநாள் காலையில் முதல் ஆட்டம்.

"இவனைப் பார்த்தா ஒக்கார்ற ஆளா தெரில. கிருஷ்ணப்பா, நீ ரெடியா இரு," என்றார் லியாகத் அலி.

"பாய், ராத்திரி மட்டும் டைம் குடு," என்றான் பாரி படுக்கையிலிருந்து.

ஜெபின் குக்கரைச் செருகினான். நோயாளிக்கு ரசம் சோறு. வேறென்ன தெரியும் நமக்கு. புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பாரியின் போன் அடித்தது. மதி. அவன் எழ முடியாததால் ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

"எங்க துன்ன?" என்று மதி ஆரம்பித்தாள்.

"எங்கயும் துன்னல மதி. ஜெபின் குடுத்ததுதான்."

"ஜெபின் அண்ணா, இன்னா குடுத்தீங்க?"

"புளிச்சோறுதான் தங்கச்சி. நம்ம வூட்டு அரிசி, நம்ம வூட்டுப் பொடி. வெளிச் சாமான் ஒண்ணும் இல்ல."

"இவரு எங்க வூட்ல தினம் துன்றாரு. ஒண்ணும் ஆவல. எங்க வூட்ல போடாதது இன்னா போட்டீங்க, அதச் சொல்லுங்க."

ஜெபின் விரல் விட்டான். "அரிசி, புளி, மொளகா, கடலப்பருப்பு, வெந்தயம், நல்லெண்ண, பெருங்காயம்."

"பெருங்காயம் நாங்க போடறதில்ல. எனக்கு அந்த வாடை புடிக்காது. பூண்டு தட்டிப் போடுவேன்."

"அது ஒண்ணும் செய்யாது தங்கச்சி. அது மரத்துப் பாலு. சுத்தமான சாமான். எங்க சுயம்பு சித்தப்பாவே மணலி புதுநகர்ல பெருங்காயக் கம்பெனி வச்சிருக்காரு. நம்ம கண்ணு முன்னாடி பண்றது. மாசா மாசம் அவருக்கு மைதா மூட்ட நாங்கதான்..."

ஜெபின் புளியிலிருந்து கையை எடுத்தான்.

"நீங்கதான்?" என்றாள் மதி.

"அனுப்புறோம்," என்றான் ஜெபின்.

லியாகத் அலி கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு நைனா பெருங்காயக் கம்பெனிக்கு மைதா?"

"பெருங்காயத்த அப்டியே விக்க முடியாது பாய். காட்டம் ஜாஸ்தி. மைதா போட்டுப் பெசஞ்சாத்தான் கட்டி புடிக்கும். எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து மூட்ட போவுது." ஜெபின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் பில்லு போடறேன் பாய். என் கையால போடறேன்."

பாரி படுத்தவாறே சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தான்.

"மோர்ல எவ்ளோடா போட்ட?"

"ரெண்டு தபாவும் ஒரு ஸ்பூன்."

"குமிச்சுத்தான் போட்டிருப்ப."

"அப்ப இந்தூருல?" என்றார் லியாகத் அலி மெதுவாக. "இவன் ரொட்டியே தொடல. பருப்புதான் துன்னான்." சிறிது யோசித்தார். "அங்க பருப்புக்கு ஹிங்குன்னு பெருங்காயம் தாளிச்சுத்தான் குடுப்பான். வாசன வருமே, தெருவே மணக்கும்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வருஷக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய், கரைத்து வைத்திருந்த புளியை ஊற்றிவிட்டு வந்தார்.

"அண்ணா," என்றாள் மதி போனில், "வெறும் சோறு, உப்பு, முட்டை. வேற ஒண்ணும் கையால தொடாதீங்க."

"தொட மாட்டேன் தங்கச்சி."

காலையில் பாரி எழுந்து குளித்தான். வயிறு புண்ணாக இருந்தாலும் அமைதியாக இருந்தது. லியாகத் அலி அவனைப் பார்த்தார், கிருஷ்ணப்பனைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் மன்றத்தின் சட்டையைப் போட்டுப் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தான்.

"சட்டம் அதேதான்," என்றார். "எந்திரிச்சா முடிஞ்சது. இப்ப காரணம் தெரிஞ்சிட்ச்சு, அதுக்காக சட்டம் மாறாது."

"மாற வாணாம் பாய்."

முதல் ஆட்டத்தில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆடினான். பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிற அடி கேரத்தில் சரியாக வராது, தப்பித்து ஜெயித்தான். இரண்டாவது ஆட்டம் சுலபமாக இருந்தது. மறுநாள் அரையிறுதியில் வயிறு இருப்பதையே மறந்து போனான். இறுதி ஆட்டம் உள்ளூர் அணியோடு என்று முடிவானது. பாரிக்கு எதிரே உட்காரப் போகிறவன் டோலே. கட்டையான, சிரித்த முகம். அசாமின் மிசிங் பழங்குடிக்காரன். இரண்டு நாளாக இவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சாயங்காலம் நான்கு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான்.

இந்தி தெரிந்தது லியாகத் அலிக்கு மட்டும்தான். பாரியின் நோயை அவர் எடுத்துச் சொன்னார். அவர் கையை வைத்துக் காட்டிய விதத்தைப் பார்த்தால், பாரி ஒரு சப்பாத்தியால் சுடப்பட்டவன் என்று டோலே நினைத்திருக்கலாம்.

"இன்னா சொல்றான் பாய்?"

"எங்க வூட்ல கோதுமையே இல்ல, வேணும்னா கடைக்குப் போய்த்தான் வாங்கணும்னு சொல்றான். அரிசி துன்ற ஜாதியாம் அவங்களும்."

ஊருக்கு வெளியே, ஆற்றைப் பார்த்த மேட்டில், கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய வீடு. ஜெபின் செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குப் போய்விட்டான். பாவத்தைக் கழுவுகிற வேகம். டோலேயின் மனைவி காட்டக் காட்ட ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, "பெருங்காயம்னா இன்னான்னே அவங்களுக்குத் தெரியல," என்று நிம்மதியாகச் சொன்னான்.

மீன் குழம்பு வந்தது. தக்காளிப் புளிப்பு, இலேசான காரம், ஆற்று மீன். ஆவி பறக்கும் சோறு. பாரி தயங்கித் தயங்கி முதல் உருண்டையை வைத்தான். அப்புறம் தயங்கவில்லை. டோலேயின் மனைவி மூன்றாம் முறை சோறு போட்டபோது, "இவரு இப்டித் துன்னு நான் பாத்ததில்ல," என்றான் கிருஷ்ணப்பன், கொஞ்சம் சோகமாக.

சாப்பிட்டு முடிந்ததும் டோலே ஒரு குடத்தையும் வெண்கலக் கிண்ணங்களையும் கொண்டுவந்தான். குடத்திலிருந்து கறுப்பாக, நுரை கட்டாமல் ஒன்றை ஊற்றினான். புளித்த வாசனையும் ஏதோ கருகிய வாசனையும் கலந்து வந்தன.

"இன்னா பாய் இது?"

லியாகத் அலி கேட்டார். குடிக்காத மனிதர், கேட்டுச் சொல்லும்போதே முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். "அபோங்னு சொல்றான். பீராம். அரிசில காய்ச்சற பீரு."

பாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அரிசில மட்டுமா? நல்லா கேளு பாய். புளிக்க வைக்கறதுக்கு இன்னா போடறாங்க?"

பெங்களூர்த் தாடிக்காரனிடம் கேட்க மறந்த கேள்விகளையெல்லாம் கேட்டான். லியாகத் அலி ஒவ்வொன்றாக இந்தியில் மாற்ற, டோலேயின் மனைவி உள்ளே போய் ஒரு வெள்ளை வில்லையைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அரிசி மாவும் இடித்த இலைகளும். அதைச் சோற்றில் பிசைந்து மூடி வைப்பார்கள். கறுப்பு நிறத்துக்கு உமியைக் கருக்கிச் சேர்ப்பார்கள். அந்த உமியும் நெல் உமிதான். ஜெபின் வில்லையை வாங்கி, உடைத்து, முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"அரிசிதான்," என்றான். "பாரி, அரிசிதான்டா."

பீரைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பாரி கிண்ணத்தை எடுத்தான். வாய் வரை கொண்டுபோனான். லியாகத் அலி ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணப்பனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் சும்மா இருந்ததுதான் அவனை நிறுத்தியது. அரிசிதான். இருந்தாலும் புதுச் சரக்கு, புண்ணான வயிறு. காலையில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பெருங்காயத்தையும் நல்லது என்றுதானே குடித்தான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

டோலேயின் சிரிப்பு குறைந்தது. அந்த வீட்டில் விருந்தாளி அபோங்கை மறுப்பது வழக்கமில்லை. தவிர, நாளைக்கு எதிரே உட்காரப் போகிறவன் தன் வீட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம்.

"பாய், சொல்லு. ஒன்மேல சந்தேகம் இல்ல. என் வயித்து மேலதான். நாளைக்கு எந்திரிச்சா சீட்டு போயிடும். நடுவுல நான் எந்திரிச்சு நீ ஜெயிச்சா ஒனக்கும் அது ஜெயிப்பு இல்லன்னு சொல்லு."

லியாகத் அலி நீளமாகச் சொன்னார். பாரி சொன்னதைவிட நீளமாக. டோலே கேட்டு முடித்து, கிண்ணத்திலிருந்ததைத் திரும்பக் குடத்தில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டினான்.

"இன்னா சொன்னான்?"

"நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துனு வரானாம். எவன் ஜெயிச்சாலும்."

இறுதி ஆட்டம் அரங்கின் நடு மேசையில். லியாகத் அலி தோற்றார். ஜெபின் ஜெயித்தான். கோப்பை பாரியின் மேசைக்கு வந்தது. முதல் கேம் டோலேக்கு, இரண்டாவது பாரிக்கு. மூன்றாவதில் இருவரும் புள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் ஏறி வந்து, கடைசி போர்டு. பார்வையாளர்கள் எல்லாம் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள்.

பாரி ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்த்தான். அப்போது அவன் வயிறு கத்தியது.

சின்னச் சத்தம் இல்லை. நடுவர் தலையைத் தூக்கினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லியாகத் அலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஜெபின் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டான். கிருஷ்ணப்பன் மன்றச் சட்டையின் கையை மடித்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தான். டோலே கையைத் தூக்கி, நடுவரிடம் ஏதோ சொல்லி, பாரியைக் கதவுப் பக்கம் காட்டினான். போய் வா, நான் ஆட்சேபிக்க மாட்டேன் என்கிற மாதிரி.

பாரி அசையாமல் உட்கார்ந்து வயிற்றின் சத்தத்தைக் கேட்டான். வயிறு இரண்டாம் முறை சத்தம் போட்டது. இழுத்துப் பிடிக்கவில்லை. குத்தவில்லை. கீழே எதுவும் இறங்கவில்லை. மேலே, விலாவுக்குக் கீழே, காலியாக ஒரு குடைச்சல். பயத்தில் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான். இது என்ன என்று அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருஷத்தில் வயிறு சத்தம் போட்டால் அவன் ஓடித்தான் பழக்கம். நின்று கேட்டதில்லை.

"இன்னாடா?" என்றார் லியாகத் அலி அடிக்குரலில்.

"பசிக்குது பாய்."

"இன்னாது?"

"பசி. வேற ஒண்ணும் இல்ல."

கதவுப் பக்கம் காட்டிய டோலேக்குத் தலையசைத்து மறுத்துவிட்டுக் குனிந்தான். சிவப்புக் காயை மூலைப் பைக்குள் அனுப்பினான். அதைத் தக்கவைக்க அடுத்த அடியில் தன் காய் ஒன்று விழ வேண்டும், அதற்குப் பெயர் ஃபாலோ. காய் பையின் உதட்டில் போய் நின்றது. சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்தது. டோலே அவசரப்படாமல் அதை எடுத்தான், தன் காயைப் போட்டான், மீதியையும் துடைத்தான். ஆட்டம் முடிந்தது. கோப்பை உள்ளூருக்கு.

பாரி டோலேக்குக் கை கொடுத்தான். அதன் பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தான்.

லியாகத் அலி வெளியே போனார். ஜெபின் பின்னாலேயே ஓடினான். அரங்கின் பின்புறம் ஒரு மரத்தடியில் டோலேயின் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள், பக்கத்தில் குடம். பாரி முதலில் சாப்பிட்டான். கை கழுவிவிட்டுக் கிண்ணத்தை வாங்கினான். குடித்தான்.

புளித்தது. புகைந்தது. கடைசியில் லேசாக இனித்தது. மணலி கேட்டுக்கு வெளியே குடித்த எதுவும் மாதிரி இல்லை.

"பீரு மாதிரி கீதா?" என்றான் கிருஷ்ணப்பன்.

"இல்ல."

"அப்ப?"

பாரி கிண்ணத்தை டோலேயிடம் நீட்டினான். டோலே ஊற்றினான். தனக்கும் ஊற்றிக்கொண்டான். ஜெபினுக்கும், கேட்காமலேயே.

லியாகத் அலி கொஞ்ச நேரம் கழித்து டீ டம்ளரோடு வந்தார். குடத்திலிருந்து காற்று வராத பக்கமாகப் பார்த்து நின்றார்.

"அந்த ஃபாலோ போயிருக்கணும்," என்றார்.

"போயிருக்கணும் பாய்."

"கை ஆடிச்சு."

"ஆடிச்சு."

"பசியில கை ஆடும்." டீயை உறிஞ்சினார். "தோத்துட்டு எந்திரிச்ச. வயித்தால எந்திரிக்கல. அதனால சட்டப்படி சீட்டு ஒன்னுதுதான்." கிருஷ்ணப்பனைப் பார்த்தார். "நீ மொகத்தத் தொங்கப் போடாத. எனக்கு ஐம்பத்தெட்டு ஆவுது. இன்னிக்கு நானுந்தான் தோத்தேன். அடுத்த வருசம் என் சீட்டுல ஒக்காரப் பாரு."

கிருஷ்ணப்பன் அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த வருசம் எங்க பாய் போட்டி?" என்றான் ஜெபின்.

"இப்பதான் சொன்னாங்க. பஞ்சாப்ல, ஜலந்தர்."

ஜெபின் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஜலந்தர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன விளைகிறது என்று எல்லாருக்கும் தெரியும். டோலேக்கும் தெரிந்திருந்தது, ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவன் பாரியின் தோளில் கை வைத்தான்.

பாரி கிண்ணத்தைக் காலி செய்தான்.

"குக்கரு ரெண்டா எடுத்துக்கணும்," என்றான்.